எட்டு ஆட்டம், மூன்று வெற்றி: ஒரு பாடசாலை றக்பி சீசனை வாசிக்கிற விதம்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் விளங்கட்டும். உங்கள் பழைய பாடசாலையின் 19 வயதுக்குட்பட்ட றக்பி அணி இந்த சீசனில் எட்டு லீக் ஆட்டம் ஆடி, மூன்றில் வென்று ஐந்தில் தோற்றது. பிரிவில் ஐந்தாம் இடம். பழைய மாணவர் கூட்டத்தில் கோச்சை மாற்றவேண்டும் என்று ஒரே சத்தம். உங்கள் மகன் அதே பாடசாலையில் 16 வயதுக்குட்பட்ட அணியில் இருக்கிறார். "இது தோற்ற சீசனா அண்ணா, கோச்சை மாற்றினால் சரிவருமா?" என்று கேட்டு, ஸ்கோர் புத்தகத்தின் பக்கங்களையும் போனில் படம் எடுத்து அனுப்பியிருந்தீர்கள்.

படங்களை இரண்டு இரவு இருந்து பார்த்தேன். கண்டியில் ஹூக்கராக, அதாவது முன்வரிசையின் நடு ஆளாக, விளையாடியவன், பிறகு பதினொரு வருடம் பாடசாலை ஆட்டங்களுக்கு விசில் ஊதியவன் என்ற தகுதியில் சொல்கிறேன்: கோச்சை மாற்றாதீர்கள். ஏன் என்பதற்குத்தான் இவ்வளவு நீளம்.

மூன்று வெற்றி, ஐந்து தோல்வி என்பதை ஒரு நிமிடம் மறந்துவிட்டு, ஸ்கோரை இடைவேளையில் வெட்டிப் பாருங்கள். எட்டு ஆட்டத்திலும் முதற்பாதியில் உங்கள் பெடியன்கள் எடுத்தது 94 புள்ளி, கொடுத்தது 71. இரண்டாம் பாதியில் எடுத்தது 63, கொடுத்தது 118. தோற்ற ஐந்து ஆட்டத்தில் மூன்றில் இடைவேளைக்குப் போகும்போது நீங்கள்தான் முன்னால். அந்த மூன்றும் முறையே 3, 5, 7 புள்ளி வித்தியாசத்தில் கைவிட்டுப் போயிருக்கின்றன. இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால், அந்த 118இல் 83 புள்ளி கடைசி இருபது நிமிடத்தில் போனது.

19 வயதுக்குட்பட்டோருக்கான விதிப்படி பாதிக்கு 35 நிமிடம், மொத்தம் 70. உங்கள் அணி 50ஆவது நிமிடம் வரை பிரிவில் எவரோடும் நின்று ஆடக்கூடிய அணி. அதற்குப் பிறகு வேறு அணி. விளையாட்டுத் திட்டம் பிழையென்றால் முதற்பாதியிலேயே தெரிந்திருக்கும். இது ஆள் பற்றாக்குறை. மைதானத்தில் நிற்கும் 15 பேரைப் பற்றிச் சொல்லவில்லை, பெஞ்சில் இருக்கிறவர்களைப் பற்றிச் சொல்கிறேன்.

ஏழு புள்ளியால் தோற்ற அந்த ஆட்டத்தின் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 48ஆவது நிமிடத்தில் இடப்பக்க ப்ரொப், அதாவது முன்வரிசையின் இடது ஓரத்து ஆள், தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே போகிறார். உள்ளே வந்த பையனின் பெயருக்குப் பக்கத்தில், ஸ்கோர் எழுதினவர் அடைப்புக்குறிக்குள் "6" என்று குறித்திருக்கிறார். 6 என்பது ஃப்ளாங்கரின் சட்டை இலக்கம். அதாவது அந்தப் பையன் உண்மையில் ஃப்ளாங்கர், முன்வரிசையில் நிற்காதவன். அடுத்த நான்கு ஸ்க்ரமில் (இரண்டு அணியின் முன்னாட்களும் கோர்த்துக் குனிந்து நின்று பந்துக்காகத் தள்ளுவது) மூன்று பெனல்டி உங்களுக்கு எதிராக. ஸ்க்ரமின் முன்வரிசை என்பது ஆறு மாதம் கழுத்தையும் இடுப்பையும் தயார்ப்படுத்தி, யாரோ ஒருவர் பக்கத்தில் குனிந்து நின்று பாதத்தை எங்கே வைப்பது, முதுகை எப்படித் தட்டையாக வைத்திருப்பது, பக்கத்து ஆளை எந்தக் கையால் எங்கே பிடிப்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்துச் செய்கிற வேலை. உடம்பு பெரிதாக இருந்தால் போதும் என்று நினைத்து ஒரு ஃப்ளாங்கரை அங்கே தள்ளுவது, பஸ் ஓட்டுநருக்குக் காய்ச்சல் என்று நடத்துநரிடம் ஸ்டியரிங்கைக் கொடுப்பது மாதிரி. ஆபத்தும் அதே அளவு.

அதனால்தான் விதியே 22 பேர் கொண்ட அணியில் முன்வரிசையில் ஆடக்கூடியவர்கள் ஆறு பேராவது இருக்கவேண்டும் என்கிறது. தகுதியான ஆள் இல்லையென்றால் தள்ளுதல் இல்லாத ஸ்க்ரம்தான். ஒரு முறை நான் ஊதிய ஆட்டத்தில், நல்ல பலமான ஸ்க்ரம் வைத்திருந்த ஒரு அணிக்கு அப்படித்தான் நடந்தது. எதிரணியிடம் மாற்று ப்ரொப் இல்லை, தள்ளாத ஸ்க்ரமுக்குப் போனோம், பலமான ஸ்க்ரம் வைத்திருந்தவர்களின் ஒரே ஆயுதம் போய்விட்டது, தோற்றார்கள். முடிந்து நான் காருக்குப் போகும் வழியில் ஒரு அம்மா குடையை நீட்டி, என்னை எவ்வளவுக்கு வாங்கினார்கள் என்று கேட்டார். பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்.

(அந்தப் பேச்சு வந்ததால் இன்னொன்று. 19 வயதுக்குட்பட்ட ஸ்க்ரமில் ஒன்றரை மீற்றருக்கு மேல் தள்ளக்கூடாது. தள்ளினால் எதிரணிக்கு ஃப்ரீ கிக். தொலைக்காட்சியில் பெரியவர்களின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வருகிற சனத்துக்கு இது தெரியாது. எங்கள் ஸ்க்ரம் அடித்துத் தள்ளிக்கொண்டு போகும்போது மத்தியஸ்தர் வேண்டுமென்றே நிறுத்துகிறார் என்று கூச்சல் போடுவார்கள். பையன்களின் கழுத்தெலும்பைக் காப்பாற்ற எழுதிய விதி அது.)

சரி, ஏன் ஆள் இல்லை? இங்கேதான் கோச் மேல் பழி போடுகிறவர்கள் நாட்காட்டியைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். இன்று 18 வயதாகி அணியின் முதுகெலும்பாக நிற்கிற பையனுக்கு 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியபோது 12, 13 வயது. 14 வயதுக்குட்பட்ட பிரிவில் ஆடத் தொடங்குகிற வயது. டெக்கிள், அதாவது பந்தோடு ஓடுகிறவனைப் பிடித்து வீழ்த்துவது, பழகுகிற வயதும் அதுதான். தலையை எதிராளியின் முன்பக்கம் கொண்டுபோகாமல் பின்பக்கம் வைத்து, கன்னம் அவன் பிட்டத்தோடு ஒட்டும்படி தோளால் அடித்து, இரண்டு கையையும் பூட்டி, கால் நிற்காமல் ஓட்டுவது. உடம்பு சிறிதாக, வேகம் குறைவாக, பயம் குறைவாக இருக்கும்போது ஆயிரம் தடவை செய்து பழகவேண்டியது இது. 2020, 2021 இரண்டு வருடத்தில் பெரும்பகுதி அந்தப் பிள்ளைகள் வீட்டில் ஸூம் வகுப்பில் இருந்தார்கள். 2022இல் மைதானம் திறந்தபோது டீசல் வரிசை. பயிற்சிக்கு வர பஸ் இல்லை, கோழியும் முட்டையும் வாங்க வீட்டில் காசு இல்லை. 16 வயதில் 75 கிலோவோடு முதல்முறையாக டெக்கிள் பழகியவன் உயரமாகத்தான் அடிப்பான், கையால்தான் பிடிப்பான்.

அந்த உயரமான டெக்கிளின் விலையும் உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. ஏழு மஞ்சள் அட்டை. ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம் வெளியே. கூட்டிப் பாருங்கள், 70 நிமிடம். சீசன் முழுவதிலும் ஒரு முழு ஆட்டத்தை 14 பேரோடு ஆடியிருக்கிறீர்கள். ஏழில் ஐந்து அட்டை 45ஆவது நிமிடத்துக்குப் பிறகு. களைத்த பையன் குனிய மாட்டான், நிமிர்ந்து நின்று கையைப் போடுவான், கை கழுத்தில் விழும். ஆள் பற்றாக்குறை, களைப்பு, மஞ்சள் அட்டை, கடைசி இருபது நிமிடம் எல்லாம் ஒரே கயிற்றின் முடிச்சுகள்.

கோச்சைக் கேள்வி கேட்கவேண்டிய இடமும் ஒன்று உண்டு, அதை மறைக்கவில்லை. 21 ட்ரை (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைப்பது) வைத்திருக்கிறீர்கள், அதில் 14க்குத்தான் கன்வர்ஷன், அதாவது ட்ரைக்குப் பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைக்கிற இரண்டு புள்ளி உதை, போனது. மூன்று புள்ளியால் தோற்ற ஆட்டத்தில் தவறியது இரண்டு கன்வர்ஷன், நான்கு புள்ளி. ட்ரை வைத்த இடத்துக்கு நேர்கோட்டிலிருந்துதான் உதைக்கவேண்டும் என்பதால், மூலையில் விழுந்த ட்ரைக்கு உதை கஷ்டம்தான். ஆனால் உங்கள் விங்கர், ஓரத்தில் ஓடுகிறவர், தடுக்க ஒருவரும் இல்லாதபோதும் மூலையிலேயே விழுந்துவிட்டு எழும்பிக் கொண்டாடியிருக்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கம்பங்களுக்கு நடுவே ஓடிப்போய் வைக்கச் சொல்லிக்கொடுப்பது கோச்சின் வேலை. உதைப்பவரைப் பயிற்சி முடிந்து அரை மணி நேரம் தனியாக நிறுத்திவைப்பதும் அவர் வேலை.

கோப்பை என்ன சொல்லும், என்ன சொல்லாது என்பதற்கு என் கதையையே சொல்கிறேன். பாடசாலையின் பெயர் வேண்டாம். என் கடைசி வருடத்தில் நாங்கள் ஒரு கோப்பை வென்றோம். ஊரே வந்து தோளில் தூக்கியது. அந்த சீசன் முழுவதும் எங்கள் கோச் பயன்படுத்தியது மொத்தம் 17 பேரை. மாற்று ஆட்கள் என்று இருந்தவர்கள் தண்ணீர்ப் போத்தல் தூக்கினார்கள். இறுதி ஆட்டத்தில் முதற்பாதி முடிகிற நேரம் ஒரு ரக்கில், அதாவது தரையில் கிடக்கும் பந்துக்காகத் தள்ளுகிற நெரிசலில், என் தலையில் முழங்கால் பட்டது. அதற்குப் பிறகு எனக்கு ஞாபகம் இருப்பது குளுக்கோஸ் தூவிய தோடம்பழத் துண்டின் சுவை மட்டும்தான். இரண்டாம் பாதி முழுவதும் ஆடினேனாம். லைன் அவுட்டில், அதாவது ஓரக்கோட்டுக்கு வெளியே போன பந்தைத் திரும்ப உள்ளே எறிகிறபோது, நேராகத்தான் எறிந்தேனாம். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் "யார் வென்றது?" என்று நான் கேட்டதை அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். என்னை வெளியே எடுக்க வேறு ஹூக்கர் இல்லை. இன்றைக்கு அப்படி ஒரு பையனை விட்டால் மத்தியஸ்தரே விசிலை ஊதி வெளியே அனுப்புவார். சந்தேகம் வந்தாலே அந்த ஆட்டத்தில் திரும்பி இறங்கக்கூடாது. பிறகு மூன்று வாரமாவது ஆடாமல் இருக்கவேண்டும், படிப்படியாகத்தான் திரும்பலாம்.

அடுத்த வருடம் எங்களில் 12 பேர் பாடசாலையை விட்டுப் போய்விட்டோம். அந்த அணி ஒரே ஒரு ஆட்டத்தில் வென்றது. கோப்பை வென்ற அந்த வருடத்தைத்தான் நான் அந்தப் பாடசாலையின் மோசமான சீசன் என்பேன். அடுத்தவனுக்கு ஒன்றும் மிச்சம் வைக்காத சீசன். அந்த அடுத்த வருடத்துக்கு வந்த புதிய கோச்சை ஜூலையில் அனுப்பிவிட்டார்கள், பாவம்.

கிளப் றக்பிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். கண்டி விளையாட்டுக் கழகம் ஃபாஸில் மரிஜாவைப் போன்ற, ஆட்டத்தை நடத்துகிற ஒரு ஃப்ளை ஹாஃபைப் பல வருடம் வைத்திருந்து அவரைச் சுற்றி அணியைக் கட்டலாம். அவரை ஆளாக்கிய கிங்ஸ்வூட் கல்லூரிக்கு அந்தச் சலுகை கிடையாது. பாடசாலை அணி வருடா வருடம் செத்துப் பிறக்கிறது. தலைவன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் போவான், அத்துடன் சரி. 1906இல் கண்டியில் கிங்ஸ்வூட்டும் டிரினிட்டியும் மோதிய காலந்தொட்டு இதே கதைதான். ஆகவே பாடசாலை சீசனில் நான் தேடுவது மார்ச்சில் முடியாத எதை ஓகஸ்ட்டில் செய்தார்கள், போகிறவன் வருகிறவனுக்கு எதைக் கொடுத்துவிட்டுப் போனான் என்பதை மட்டும்தான்.

இதைப் பார்க்க பிரட்பி கேடயத்தைவிட நல்ல இடம் இல்லை. கொழும்பு ரோயலும் கண்டி டிரினிட்டியும் 1945இலிருந்து ஆடிவருகிற போட்டி. ரோயல் கல்லூரியின் அதிபராக இருந்த பிரட்பி கொடுத்த கேடயம். ஒரு ஆட்டம் கொழும்பில், மற்றது கண்டியில், இரண்டு ஸ்கோரையும் கூட்டித்தான் வெற்றி. பலருக்கு இது பழைய மாணவர்களின் திருவிழா, சாப்பாடு, பாண்ட் வாத்தியம். மத்தியஸ்தர் கண்ணுக்கு அது ஒரு பரீட்சை. ஒரே எதிராளியைக் கொஞ்ச நாளுக்குள் இரண்டாம் முறை சந்திக்கிறீர்கள். கொழும்பின் புழுக்கத்தில் 12 புள்ளியால் தோற்ற அணி, கண்டியின் மழையில், கால் வழுக்குகிற புல்லில், 12க்கு மேல் வெல்லவேண்டும். பந்தைக் கையில் வைத்து ஓடுவதா, உதைத்துவிட்டு எதிராளியின் பிழைக்குக் காத்திருப்பதா, மூன்று புள்ளிப் பெனல்டியை எடுப்பதா, ட்ரைக்காக மூலைக்கு உதைப்பதா? 18 வயதுப் பையன் தலைவன் அதை அந்த இடத்திலேயே முடிவெடுக்கவேண்டும். முதல் ஆட்டத்தில் என்ன கற்றார்கள் என்பது இரண்டாம் ஆட்டத்தின் முதல் பத்து நிமிடத்தில் அப்பட்டமாகத் தெரிந்துவிடும்.

உங்கள் லீக்கில் இரண்டு சுற்று இல்லை. ஆனால் அதே மாதிரி ஒப்பிட வழி இருக்கிறது. முதல் நான்கு ஆட்டத்தில் நீங்கள் எறிந்த லைன் அவுட்டில் எத்தனை உங்களுக்கே கிடைத்தது, கடைசி நான்கில் எத்தனை என்று பாருங்கள். உங்கள் ஸ்கோர் எழுதுபவர் அபூர்வமான மனிதர், அதையும் குறித்து வைத்திருக்கிறார். முதல் நான்கில் 41க்கு 22. கடைசி நான்கில் 38க்கு 31. இது சும்மா வராது தம்பி. எறிபவன், தூக்குகிற இருவர், குதிப்பவன் என்று நான்கு பேரின் நேரம் ஒரு நொடிக்குள் பொருந்தவேண்டும். யாரோ ஒருவர் இருட்டும்வரை நின்று பழக்கியிருக்கிறார். நீங்கள் அனுப்பிவிடச் சொல்கிற அந்த கோச்தான்.

(லைன் அவுட் என்றதும் சிரிப்பு வருகிறது. எங்கள் காலத்தில் ஹூக்கர் நானும் லைன் அவுட்டில் குதிக்கிற உயரமான லொக் ஒருவனும் தமிழ் மொழிமூலம். எங்கள் சங்கேதச் சொற்கள் மரக்கறி. கத்தரிக்காய் என்றால் முன்னுக்கு, முருங்கைக்காய் நடுவில், பூசணிக்காய் பின்னுக்கு. சிங்களப் பாடசாலைகளோடு ஆடும்போது அற்புதமாக வேலை செய்தது. தமிழ் பேசுகிறவர்கள் ஆடுகிற ஸாஹிராவோடு ஆடப்போனோம். நான் "முருங்கைக்காய்" என்று கத்தினேன். எதிரில் நின்ற அவர்களின் லொக் சிரித்துக்கொண்டே "அது எனக்குத்தான் மச்சான்" என்று சொல்லி என் பந்தைப் பறித்துக்கொண்டு போனான். அன்றைக்கு மரக்கறிக் கடை மூடப்பட்டது.)

புள்ளிப்பட்டியலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொதுவான முறையில் வெற்றிக்கு 4 புள்ளி, நான்கு ட்ரைக்கு மேலதிகமாக 1, ஏழு புள்ளிக்குள் தோற்றாலும் 1. உங்கள் மூன்று நெருக்கமான தோல்வியும் தலைகீழாகியிருந்தால் ஒன்பது புள்ளி கூடும். ஐந்தாம் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் நடுவே இருந்தது மூன்று பின்னேரங்களின் கடைசி இருபது நிமிடம் மட்டும்தான். 31 புள்ளியால் தோற்ற அந்த ஒரு ஆட்டத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. சில அணி சில வருடம் அப்படி இருக்கும். கொழும்பு இசிபதனக் கல்லூரியின் பச்சைச் சட்டையை அவர்களின் நல்ல வருடத்தில் எதிரே பார்த்தவர்களுக்குத் தெரியும், அன்றைக்குக் கடவுளே கோச்சாக வந்தாலும் சரி.

இனி காசு. கூட்டத்தில் யாரும் கேட்காத கேள்வி இதுதான். பழைய மாணவர்கள் சேர்க்கிற பணத்தில் பெரும்பகுதி 19 வயதுக்குட்பட்ட அணிக்குப் போகிறது என்று எழுதியிருந்தீர்கள். கோச்சின் சம்பளம், புதிய சட்டை, வெளியூர் ஆட்டத்துக்கு பஸ். 14 வயதுக்குட்பட்ட பிரிவுக்கு? நேரம் கிடைக்கும்போது வந்து போகிற ஒரு பழைய மாணவர், சம்பளம் இல்லாமல். நல்ல மனிதராக இருக்கலாம். ஆனால் டெக்கிள் பழகுகிற வயதில் இருக்கிற 40 பிள்ளைகளை வாரத்தில் இரண்டு நாள் தனியாளாகப் பார்க்க யாராலும் முடியாது. எங்கள் பாடசாலைகள் பலவற்றில் இதே தலைகீழ்க் கணக்குத்தான். கூரைக்குத் தங்கத் தகடு, அத்திவாரத்துக்கு மண். புதிய கோச்சுக்குக் கொடுக்கப்போகிற மேலதிகச் சம்பளத்தில் ஜூனியர்களுக்கு இரண்டு பேரை வைக்கலாம். மூன்று வருடம் காத்திருக்கவேண்டும், அதுதான் யாருக்கும் பிடிக்காது.

இன்னொரு பேச்சும் கூட்டத்தில் வந்திருக்கும், வந்தே தீரும். பெரிய பாடசாலை ஒன்றிலிருந்து இரண்டு மூன்று நல்ல பெடியன்களை உயர்தர வகுப்புக்கு எடுத்து வந்தால் என்ன என்று. செய்கிறவர்கள் செய்கிறார்கள். ஆனால் உங்கள் மகனோடு 12 வயதிலிருந்து ஆடி வருகிற ப்ரொப்பிடம் போய், உன் இடத்துக்கு வேறு ஆள் வருகிறான் என்று யார் சொல்வது? அந்த ப்ரொப் விட்டுப்போனால் அவனுக்குப் பின்னால் இருக்கிற இரண்டு பேரும் போவார்கள். பிறகு திரும்ப அதே ஃப்ளாங்கரை 48ஆவது நிமிடத்தில் முன்வரிசைக்குத் தள்ளுவீர்கள்.

உங்கள் மகன் என்ன இடத்தில் ஆடுகிறார் என்று எழுதவில்லை. எதுவாக இருந்தாலும் ஒன்று செய்யுங்கள். வருகிற கிழமை ஒரு பின்னேரம், சொல்லாமல் கொள்ளாமல், 16 வயதுக்குட்பட்டவர்களின் பயிற்சிக்குப் போய் ஓரமாக நில்லுங்கள். ஸ்க்ரம் பயிற்சி நடக்கும்போது முன்வரிசையில் மாறி மாறி இறங்குகிறவர்களை எண்ணுங்கள். பக்கத்தில் குனிந்து நின்று அவர்களின் முதுகைத் தட்டித் திருத்துகிற ஆள் யாராவது இருக்கிறாரா என்றும் பாருங்கள். ஆறு பேர் இல்லையென்றால், அடுத்த கூட்டத்தில் எழும்பி அந்த எண்ணிக்கையைச் சொல்லுங்கள். கோச்சின் பெயரை எடுக்கவே வேண்டாம். ஸ்கோர் எழுதுகிற அந்த ஐயாவையும் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள். புத்தகம் அவரிடம்தானே இருக்கிறது.